ஓர் அப்போஸ்த்ரோஃப் செய்த வேலை

இன்றைக்குக் கொஞ்சம் கம்ப்யூட்டர் சமாசாரம். பழைய புதுவைக் கதைகளுக்காக வருகிறவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். இதிலும் புதுவை இருக்கிறது, பென்ஷன் இருக்கிறது, பிரம்போடு ஒரு மெத்ரும் வருவார். எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். முப்பது வருஷத்துக்கு மேல் கோப்பு தூக்கினவனுக்கே புரிந்தது என்றால் நம் வயதுக்காரர்கள் எல்லோருக்கும் புரியும்.

முதலில் 'சர்வர்' என்ற சொல். நமக்கு சர்வர் என்றால் தோளில் துண்டோடு வந்து "என்ன சார் சாப்பிடறீங்க?" என்று கேட்கிற ஓட்டல்காரர். நாகேஷ் நடித்த 'சர்வர் சுந்தரம்' 1964-ல் வந்தபோது நான் அரைக்கால் சட்டைப் பையன். பிரெஞ்சிலும் இதே கதைதான். 'செர்வேர்' என்றால் ஓட்டல் பணியாளரும் அவர்தான், இணையப் பக்கங்களை அனுப்பிவைக்கும் கம்ப்யூட்டரும் அதுதான். கம்ப்யூட்டர் என்ற சொல்லை மட்டும் பிரெஞ்சுக்காரர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. 1955-ல் ஐபிஎம் நிறுவனம் கேட்டுக்கொண்டதன் பேரில் ழாக் பெரே என்ற லத்தீன் பேராசிரியர் 'ஒர்தினத்தேர்' என்று ஒரு சொல்லை எடுத்துக் கொடுத்தார், அதுவே நிலைத்துவிட்டது. சர்வர் அவர்கள் வீட்டுப் பிள்ளை என்பதால் சண்டை இல்லை.

ஓட்டல் உவமையையே பிடித்துக்கொள்வோம். நாம் வீட்டிலிருந்து ஒரு பக்கத்தைக் கேட்கிறோம். எங்கோ இருக்கிற சர்வரில் ஒரு புரோகிராம் ஓடுகிறது. பதிவேட்டைப் பார்த்து, பெயர் எடுத்து, தொகை எடுத்து, எல்லாவற்றையும் சமைத்து ஒரு பக்கமாகப் பொட்டலம் கட்டி அனுப்புகிறது. அனுப்பிய கையோடு அந்தப் புரோகிராம் முடிந்துபோய்விடும். அடுப்பை அணைத்தாயிற்று, சமையற்காரர் வீட்டுக்குப் போய்விட்டார். பொட்டலம் நம் வீட்டுக்கு வந்த பிறகு பிரவுசர் அதைப் பிரிக்கிறது. பிரிக்கும்போது அதற்குள் இன்னொரு சின்ன புரோகிராம் இருக்கும். அது இப்போதுதான், நம் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஓட ஆரம்பிக்கிறது. மாதத்தைத் தேர்ந்தெடுத்தால் பட்டியல் மாறுவது, கூட்டுத்தொகை தானே வருவது எல்லாம் இதன் வேலை.

ஆக இரண்டு புரோகிராம்கள். ஒன்று அங்கே ஓடி முடிந்தது, மற்றது இங்கே பிறகு ஓடுவது. இரண்டும் ஒரு நாளும் நேரில் பார்த்துக்கொள்வதில்லை. பாஷையும் வேறு. எங்கள் பக்கத்தில் சர்வர் பக்கம் எழுதியிருந்தது பிஎச்பி என்ற மொழியில். கிரீன்லாந்தில் பிறந்த ராஸ்மஸ் லெர்டார்ஃப் என்பவர் தன் சொந்தப் பக்கத்துக்காக 1994-ல் தொடங்கி மறு வருஷம் ஊருக்கு விட்டது. பிரவுசர் பக்கம் ஜாவாஸ்கிரிப்ட். நெட்ஸ்கேப்பில் வேலை பார்த்த பிரெண்டன் ஐக் 1995 மே மாதம் பத்தே நாளில் எழுதியது. பத்து நாளில் எழுதியதன் லட்சணம் அங்கங்கே தெரியும், பின்னால் சொல்கிறேன்.

பிரான்சில் இருந்த உறவினர் வீடுகளில் மினிதெல் பார்த்தவர்கள் நம்மில் உண்டு. 1982 முதல் தொலைபேசிக்காரர்கள் டைரக்டரி புத்தகத்துக்குப் பதிலாகக் கொடுத்த சின்னப் பெட்டி. 2012 ஜூன் 30 அன்று மூடினார்கள். அதில் இந்தத் தொல்லையே இல்லை. பெட்டிக்குச் சொந்தப் புத்தி கிடையாது, எல்லாம் மறுமுனையில்தான் நடக்கும். பிரவுசருக்குப் புத்தி வந்த பிறகுதான் அங்குள்ள விவரத்தை இங்குள்ள புரோகிராமுக்கு எப்படிக் கொடுப்பது என்ற கேள்வியே வந்தது.

எப்படிக் கொடுக்கலாம்? வழி ஒன்றுதான். அந்தப் பொட்டலத்துக்குள்ளேயே எழுதிவைக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத கட்டங்களில் எழுதிவைப்பது பழைய முறை. பக்கத்தில் வரும் ஒவ்வொரு வரிக்கும் ஒரு அட்டை கட்டுவதுபோல் கூடுதல் குறிப்பு சேர்ப்பது இன்னொன்று. இங்கே ஓடப்போகிற ஜாவாஸ்கிரிப்டின் வாசகத்தையே அங்கே உள்ள பிஎச்பி எழுதி அனுப்புவது மூன்றாவது. அதாவது ஒரு புரோகிராம் இன்னொரு புரோகிராமுக்கு வசனம் எழுதிக் கொடுக்கிறது. எங்கள் எதிர்வீட்டுப் பையன் செய்தது இந்த மூன்றாவதைத்தான். (பொட்டலம் வந்த பிறகு பிரவுசர் திரும்ப ஆள் அனுப்பி, "சட்னி குறைகிறது" என்று கேட்டு வாங்கும் வழியும் உண்டு. 1999-ல் மைக்ரோசாஃப்ட் தன் ஐந்தாம் எக்ஸ்ப்ளோரரில் வைத்தது, 2005-ல் 'ஏஜாக்ஸ்' என்று பெயர் பெற்றது. அதுவும் பின்னால் வரும்.)

நிற்க. எங்கள் பென்ஷன்காரர் வட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நூற்றுச் சொச்சம் பேர். பாதி இந்திய அரசு பென்ஷன், பாதி பிரெஞ்சு பென்ஷன். சொல்தாக்களும் அவர்கள் விதவைகளும் இந்த இரண்டாம் பாதி. எந்த அரசானாலும் சரி, ஆண்டுக்கு ஒரு முறை நாம் உயிரோடு இருக்கிறோம் என்று நிரூபிக்க வேண்டும். இந்தியப் பென்ஷனுக்கு நவம்பர் மாதம். 2014-லிருந்து ஜீவன் பிரமாண் என்று விரல் ரேகை வைத்து முடிக்கும் வசதியும் இருக்கிறது. பிரெஞ்சுப் பென்ஷனுக்கு செர்த்திஃபிகா த வீ. ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு மாதம். எண்பது வயதில் மாதத்தை யார் நினைவு வைத்திருப்பது? அதனால் எதிர்வீட்டில் பொறியியல் படிக்கும் பையன், எங்களுக்காகச் சும்மாவே ஒரு பக்கம் செய்து கொடுத்தான். மாதத்தைத் தொட்டால் அந்த மாதம் சான்று அனுப்ப வேண்டியவர்களின் பெயர் வரும். ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் மாதம் பிறந்ததும் அதைப் பார்த்து ஒவ்வொருவருக்கும் போன் செய்வார். ஓராண்டு நன்றாகவே நடந்தது.

அப்புறம் ஒரு மாதம் பக்கத்தில், "இந்த மாதம் யாரும் இல்லை" என்று வந்தது. ஆசிரியை நல்லதாயிற்று என்று வேறு வேலை பார்க்கப் போனார். அடுத்த மாதமும் யாரும் இல்லை. மூன்றாம் மாதம் எங்கள் தெருக்கோடி அக்கா (எண்பத்து மூன்று வயது, கணவர் அல்ஜீரியா வரை போய் வந்த சொல்தா) வங்கியிலிருந்து வெறுங்கையோடு திரும்பி வந்து என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தார். இரண்டு மாதமாகப் பென்ஷன் வரவில்லை. மருந்துக் கடையில் கடன் ஏறிவிட்டது. "நான் செத்துட்டேன்னு எழுதிட்டானுவளா தம்பி?" என்றார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

பையனைக் கூப்பிட்டேன். அவன் முதலில் சர்வரைத்தான் பார்த்தான். சர்வர் குறிப்பேட்டில் எல்லாம் சரி, எல்லாப் பக்கமும் ஒழுங்காக அனுப்பப்பட்டது என்று இருந்தது. அது பொய்யும் இல்லை. பொட்டலம் கட்டினவர் வரைக்கும் சரியாகத்தான் கட்டியிருக்கிறார். பிரித்த இடத்தில் ஊசிப்போயிருந்தது அவருக்கு எப்படித் தெரியும்? பிரவுசரில் தவறுகளைக் காட்டும் ஒரு ஜன்னலைத் திறந்தான். சிவப்பு எழுத்தில் ஒரே ஒரு வரி இருந்தது. புரோகிராமின் இத்தனையாவது வரியில் எதிர்பாராத ஏதோ ஒன்று இருக்கிறது, ஆகவே முழுவதையும் ஓட்ட மாட்டேன் என்று. அந்த வரியில் இருந்தது அக்காவின் பெயர்.

நம் ஊர்ப் பெயர்களின் சங்கதி தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. 1881 செப்டம்பர் 21 தேதியிட்ட ஆணைப்படி இங்கே சொந்த வழக்கங்களைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்துக்குள் வந்தவர்கள் குடும்பப் பெயர் ஒன்றை வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. அப்படி வந்த பிரெஞ்சுப் பெயர்களோடு போர்த்துக்கீசியர் காலத்துப் பெயர்களும் நம் தெருக்களில் கலந்து கிடக்கின்றன. அக்காவின் குடும்பப் பெயர் ஒரே ஓர் எழுத்தில் தொடங்கி, அதன் தலைமாட்டில் ஒரு அப்போஸ்த்ரோஃப் வைத்து, அப்புறம் மீதிப் பெயராக வரும். தலைமாட்டில் தொங்கும் காற்புள்ளி மாதிரி ஒரு சின்னக் கோடு. அந்தக் கோடுதான் எல்லாவற்றையும் நிறுத்தியிருந்தது.

ஏன் என்று பையன் விளக்கியபோது எனக்கு உடனே பிடிபட்டது. அதற்கு எங்கள் பள்ளிக்கூடத்து திக்தேதான் காரணம்.

பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர்களுக்கு திக்தே என்றால் இன்றும் வயிற்றைக் கலக்கும். மெத்ர் நடந்துகொண்டே ஒரு பத்தியை வாசிப்பார், நாம் எழுத வேண்டும். நிறுத்தக் குறிகளையும் அவரே வாயால் சொல்வார். 'வீர்கூல்' என்றால் கமா போட வேண்டும். 'ஊவ்ரே லே கியமே' என்றால் மேற்கோள் குறியைத் திற. 'ஃபெர்மே லே கியமே' என்றால் மூடு. எழுத வேண்டிய வார்த்தைகளும் அதே குரலில்தான் வரும், நமக்கு இடும் கட்டளைகளும் அதே குரலில்தான் வரும். எது எழுத வேண்டியது, எது செய்ய வேண்டியது என்று பிள்ளையே கண்டுபிடிக்க வேண்டும். என் பக்கத்தில் உட்காரும் மீனவர் வீட்டுப் பையன் முதல் மாதம் முழுக்க 'வீர்கூல்' என்பதையும் வார்த்தையாக எழுத்துக் கூட்டி எழுதிவைப்பான். பிரம்பு அவனுக்காகவே வாங்கினது போல இருக்கும். ஒரு நாள் பத்தியிலேயே 'புள்ளி' என்று பொருள்படும் சொல் வந்தது. எங்களில் பாதிப் பேர் அந்த இடத்தில் வாக்கியத்தை முடித்துப் புள்ளி வைத்துவிட்டார்கள். அன்று மெத்ரே சிரித்துவிட்டார்.

இங்கே நடந்ததும் அதுதான். பிஎச்பி, ஜாவாஸ்கிரிப்டுக்கு திக்தே போடுகிறது. "பெயர் இதோ, மேற்கோளைத் திற" என்று ஒற்றை மேற்கோள் குறி போட்டு, பெயரை எழுதி, "மூடு" என்று இன்னொரு ஒற்றை மேற்கோள் குறி போடுகிறது. அப்போஸ்த்ரோஃபுக்கும் ஒற்றை மேற்கோளுக்கும் விசைப்பலகையில் ஒரே குறி. அக்காவின் பெயரில் முதல் எழுத்து முடிந்ததுமே அந்தக் குறி வந்துவிடுகிறது. பிரவுசர், பெயர் முடிந்தது என்று மேற்கோளை மூடிவிடுகிறது. மீதிப் பெயரை என்ன செய்வது? கட்டளை என்று நினைத்துப் பார்க்கிறது. அப்படி ஒரு கட்டளை அதற்குத் தெரியாது. உடனே மொத்தப் புரோகிராமையும் கீழே வைத்துவிடுகிறது. ஒரு வரி புரியாவிட்டால் அந்த வரியை மட்டும் விட்டுவிட்டு ஓடலாமே என்று கேட்டேன். ஓட்ட ஆரம்பிப்பதற்கு முன்னால் முழுவதையும் வாசித்துப் பார்க்கும், வாசிப்பதிலேயே தடுக்கினால் ஒன்றையும் ஓட்டாது என்றான். நூற்றுச் சொச்சம் பெயரும் அதனால்தான் போயின. "யாரும் இல்லை" என்பது பையன் முன்கூட்டியே பக்கத்தில் எழுதிவைத்திருந்த வாசகம். புரோகிராம் ஓடினால் அதை அழித்துவிட்டுப் பெயர்களை எழுதும். ஓடாததால் அது அப்படியே நின்று, ஆசிரியையிடம் பொய் சொல்லிக்கொண்டிருந்தது.

பையனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவன் காவல் ஒன்றும் வைத்திருந்தான். பெயர்களில் உள்ள ஆபத்தான குறிகளைச் சாதுவாக்கும் ஒரு வசதி பிஎச்பியில் பல காலமாக உண்டு. அதைப் போட்டிருந்தான். ஆனால் அந்த வசதி, கேட்காவிட்டால் இரட்டை மேற்கோளை மட்டும்தான் பிடிக்கும், ஒற்றையை விட்டுவிடும். 2021 நவம்பரில் வந்த 8.1 பதிப்பில்தான் இரண்டையும் தானாகப் பிடிக்கும்படி மாற்றினார்கள். நாங்கள் வாடகைக்கு எடுத்திருந்த சர்வரில் இருந்தது பழையது. புதியதாக இருந்திருந்தாலும் முழுக்கச் சரியாகியிருக்காது. அது பக்கத்தில் அச்சாகும் எழுத்துக்கான காவல். புரோகிராம் வாசகத்துக்குள் அதைப் போட்டால் பிரவுசர் அதைப் பிரித்துப் படிக்காது, அப்போஸ்த்ரோஃப் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு எண்ணும் அரைப்புள்ளியுமாகக் கம்பளிப்பூச்சி மாதிரி ஏதோ வந்து நிற்கும். போகிற இடத்துக்குத் தக்கபடி கட்டு கட்ட வேண்டும். ரசத்தை வாழையிலையில் கட்டி அனுப்ப முடியுமா?

இந்த இடத்தில் எனக்கும் பையனுக்கும் ஒரு சின்ன வாக்குவாதம்.

"தாத்தா, அந்தக் கோட்டை எடுத்துட்டா ரெண்டு நிமிஷ வேலை. பேரு அப்படியே படிக்கத்தானே போகுது?" என்றான்.

நான் முடியவே முடியாது என்றேன். எத்தா சிவில் பதிவேட்டைப் புரட்டியவர்களுக்குத் தெரியும், ஓர் எழுத்து மாறினால் அவர் வேறு மனிதர். தகப்பன் பிறப்புப் பதிவில் ஒரு 'எஸ்' கூடுதலாகவும் மகன் பதிவில் குறைவாகவும் இருந்ததற்காக, திருத்தத் தீர்ப்பு வாங்க வருஷக்கணக்கில் நடந்த குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். நம் பட்டியலில் கோட்டை எடுத்தால், அதைப் பார்த்து யாரோ ஒரு விண்ணப்பத்தில் கோடில்லாமல் எழுதுவார்கள். அது ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குப் போகும். கடைசியில் அக்கா, 'இவளும் அவளும் ஒருவரே' என்று சான்று தேடி எண்பத்து மூன்று வயதில் அலைய வேண்டும். கம்ப்யூட்டருக்கு வசதியில்லை என்று மனிதர் பெயரைச் செதுக்கக் கூடாது. பெயர் பதிவேட்டில் உள்ளபடியே வர வேண்டும், வழியை நீ பார் என்று சொல்லிவிட்டேன். பையன் தலையைச் சொறிந்துகொண்டு போனான்.

மறுநாள் வந்தான். முதலில் ஒற்றை மேற்கோளுக்குப் பதிலாக இரட்டை மேற்கோள் போட்டுப் பார்த்தானாம். அக்கா பெயர் வந்துவிட்டது. ஆனால் இன்னொருவர் பெயருக்குப் பக்கத்தில் வீட்டுப் பெயரை இரட்டை மேற்கோளில் எழுதியிருந்தோம், அது தடுக்கியது. ஒரு ஓட்டையை அடைத்தால் மறு ஓட்டை. அப்புறம்தான் சரியான வழிக்கு வந்தான். ஜேசன் என்று ஒன்று. (நம் ஊர் ஜேசன் இல்லை.) டக்ளஸ் கிராக்ஃபோர்ட் என்ற அமெரிக்கர் 2001 வாக்கில் பரப்பிய எழுத்து முறை. பெயர், எண், பட்டியல், உண்டு, இல்லை என்று எதையும் எந்த மொழிப் புரோகிராமும் சந்தேகமில்லாமல் படிக்கும்படி எழுதும் ஒழுங்கு. 2006 கடைசியில் வந்த 5.2 பதிப்பிலிருந்து பிஎச்பியில் இதற்கு ஆயத்தமான கருவி இருக்கிறது. பட்டியலை முழுசாக அதன் கையில் கொடுத்தால் போதும். எங்கே மேற்கோள் வருகிறது, எந்தக் குறிக்கு முன்னால் சாய்கோடு போட வேண்டும் என்று அதுவே பார்த்துக்கொள்ளும். கையால் கட்டாதே, கட்டத் தெரிந்தவனிடம் கொடு என்பதுதான் சாராம்சம். டெஸ்பாட்ச் பிரிவில் அரக்கு வைக்கத் தெரிந்த ஓர் ஆள் இருந்தால் மற்றவர்கள் தீப்பெட்டியைத் தொடக் கூடாது என்பது எங்கள் அலுவலக விதி.

ஆனால் அந்தக் கருவியைப் போட்டதும் பட்டியல் மறுபடி காலி! இந்த முறை குற்றவாளி வேறொரு பெயரின் மேல் இருந்த அக்சான். பிரெஞ்சில் 'எ' எழுத்தின் தலையில் சாய்த்துப் போடுகிற கோடு. எங்கள் பட்டியல் பழைய கோப்பு ஒன்றிலிருந்து வந்தது. அந்தக் காலத்து முறையில் அந்த எழுத்துக்கு 233 என்று ஒரே எண். இப்போதைய யுடிஎஃப்-8 முறையில் அதே எழுத்து 195, 169 என்று இரண்டு எண்களாகப் போகும். நம் 'அ' மூன்று எண்களாகப் போகிறது: 224, 174, 133. இதை வகுத்தவர்கள் கென் தாம்சனும் ராப் பைக்கும். 1992-ல் அமெரிக்காவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் தட்டுக்கு அடியில் விரிக்கும் காகிதத்தில் எழுதியே வகுத்தார்களாம். மறுபடி சாப்பாட்டுக் கடை! ஜேசன் கருவிக்கு யுடிஎஃப்-8 மட்டும்தான் செல்லும். பழைய 233 தனியாக வந்து நின்றதும், இது என்ன எழுத்தென்று எனக்குத் தெரியாது என்று மொத்தப் பட்டியலையும் தர மறுத்து 'இல்லை' என்றது. அந்த 'இல்லை'யை பிஎச்பி காகிதத்தில் எழுதினால் வெற்றிடம்தான் வரும். கோப்பை முழுவதும் புதிய முறைக்கு மாற்றிய பிறகு அக்சானும் அப்போஸ்த்ரோஃபும் அதனதன் இடத்தில் வந்து உட்கார்ந்தன.

எண்களிலும் ஒரு வேடிக்கை. பத்து நாள் அவசரத்தில் பிறந்த மொழி என்றேனே, அதில் முழு எண்ணுக்கென்று தனி வகை அன்று வைக்கவில்லை. 9007199254740992 என்ற எண் வரைதான் ஒவ்வொன்றும் பிசகாமல் நிற்கும். அதற்கு அடுத்த எண்ணைக் கொடுத்தால் அது கடைசி 3-ஐ 2 ஆக்கிவிடும், சத்தமே போடாது. 2010-ல் ட்விட்டர்காரர்களே தங்கள் குறிப்பு எண்கள் நீண்டுபோனதும் அவற்றை எழுத்தாகவும் சேர்த்து அனுப்ப ஆரம்பித்தார்கள். எங்கள் பட்டியலில் வங்கிக் கணக்கு எண்கள் இருந்தன, சில பூச்சியத்தில் தொடங்கும். எண் என்று சொல்லி அனுப்பினால் முதல் பூச்சியம் காணாமல் போகும். கணக்கு எண் எண்ணே இல்லை என்று நான் முன்பே அலுவலகத்தில் சொல்வதுண்டு. இரண்டு பேர் கணக்கு எண்களை யாராவது கூட்டிப் பார்ப்பார்களா? அதுவும் ஒரு பெயர்தான். பையனுக்கு இது பிடித்துவிட்டது. எல்லாவற்றையும் மேற்கோளுக்குள் போட்டு அனுப்பினான்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கணக்கு எண்ணா? அதை ஏன் அனுப்புகிறாய்?

பக்கத்தில் தெரிவது பெயரும் மாதமும் மட்டும்தான். ஆனால் பட்டியலில் பிறந்த தேதி, பென்ஷன் எண், கணக்கு எண் எல்லாம் இருந்தன. பையன் பதிவேட்டை முழுசாக அனுப்பிவிட்டு, பிரவுசரில் உள்ள புரோகிராமிடம் பெயரை மட்டும் காட்டு என்று சொல்லியிருந்தான். மற்றது தெரியாதே தாத்தா என்றான். பக்கத்தின் மூல வாசகத்தைக் காட்டு என்றேன். சுட்டியின் வலப்பக்கத்தை ஓர் அழுத்து அழுத்தினான். நூற்றுச் சொச்சம் பேரின் சகல விவரமும் திரையில் ஓடியது. கவுண்ட்டரில் வந்து நிற்பவரிடம் முழு ரிஜிஸ்தரையும் தூக்கிக் கொடுத்து, உங்கள் வரியை மட்டும் பாருங்கள் சார் என்று சொன்ன மாதிரி! பென்ஷன்காரர்களைக் குறிவைத்து வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி ஏமாற்றுகிறவர்கள் மலிந்த காலம் இது. எனக்கு அப்போஸ்த்ரோஃபைவிட இதுதான் பெரிதாகப் பட்டது, இன்றும் படுகிறது. பிரவுசருக்குப் போன எதுவும் ரகசியமில்லை. திரையில் காட்டாமல் வைத்திருப்பது, திண்ணையில் வைத்து மேலே துண்டு போட்டு மூடுவது போலத்தான்.

பையன் முகம் வெளுத்துவிட்டது. அன்று மாலையே மாற்றினான். இப்போது பக்கம் வெறுமையாகத்தான் வருகிறது. ஆசிரியை தன் கடவுச்சொல்லைக் கொடுத்த பிறகு, எந்த மாதம் வேண்டும் என்று பிரவுசர் சர்வரிடம் திரும்பக் கேட்கிறது. அந்த மாதத்துப் பெயர்களும் தொலைபேசி எண்களும் மட்டும் ஜேசனாக வருகின்றன, வேறொன்றும் வருவதில்லை. "சட்னி குறைகிறது" வழி. பதில் வராவிட்டால் "யாரும் இல்லை" என்று காட்டாமல் "பட்டியல் கிடைக்கவில்லை, எதிர்வீட்டுக்குச் சொல்லவும்" என்று சிவப்பில் காட்டும்படியும் செய்யச் சொன்னேன். இல்லை என்பதும் தெரியவில்லை என்பதும் ஒன்றா?

இன்னொன்றும் பையன் சொன்னான். அக்காவின் பெயரில் உள்ள கோடு அறியாமல் வந்து மேற்கோளை மூடியது. வேண்டுமென்றே ஒருவன் தன் பெயரில் அப்படி ஒரு குறியை வைத்து, அதற்குப் பின்னால் நிஜமான கட்டளையையே எழுதிவைத்தால்? பிரவுசர் அதை ஓட்டும். 2005 அக்டோபரில் மைஸ்பேஸ் என்ற தளத்தில் சாமி கம்கார் என்ற பத்தொன்பது வயது இளைஞன் தன்னைப் பற்றிய குறிப்பில் இப்படி ஒன்றை எழுதிவைத்தான். அவன் பக்கத்தைப் பார்த்தவர்கள் எல்லோரும் தாங்கள் அறியாமலே அவனுக்கு நண்பரானார்கள், அவர்கள் பக்கத்திலும் அது தொற்றிக்கொண்டது. இருபது மணி நேரத்துக்குள் பத்து லட்சம் பேர். விளையாட்டுக்குச் செய்ததாகச் சொன்னாலும் வழக்கில் முடிந்தது. எங்கள் வட்டத்தில் அப்படி யாரும் இல்லை. இருக்கிற ஒரே விஷமக்காரருக்கு மவுஸ் பிடித்தால் கை நடுங்கும்.

அக்கா விஷயம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். சான்று வாங்கி அனுப்பினோம், கூடவே தாமதத்துக்கு விளக்கம் சொல்லி ஒரு கடிதம். பிரெஞ்சில் எழுதுவது எனக்கு இன்னும் மறக்கவில்லை, கடைசி மரியாதை வாக்கியம் நான்கு வரி வந்தது. அடுத்த மாதம் பாக்கியோடு சேர்த்துப் பென்ஷன் வந்துவிட்டது. மருந்துக் கடைக் கடனை அடைத்துவிட்டு ஒரு பொட்டலம் ஜாங்கிரியோடு வந்தார். பையனுக்கும் தனியாக ஒரு பொட்டலம். திரையில் தன் பெயரைக் காட்டச் சொல்லி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். அந்தக் கோட்டை விரலால் தொட்டு, "அவரு கையெழுத்துப் போடறப்ப இதை மட்டும் கடைசியா, பேனாவைத் தூக்கி வைப்பாரு" என்றார்.

இப்போது பாக்கி இருப்பது பிறந்த தேதி. எண்பது வயது முடிகிறவர்களைத் தனியாகக் காட்ட வேண்டும் என்று ஆசிரியை கேட்கிறார், எண்பதைத் தாண்டினவர்கள் அக்டோபரிலேயே இந்தியச் சான்றைக் கொடுக்கலாம் என்பதால். ஜாவாஸ்கிரிப்டில் மாதங்களைப் பூச்சியத்திலிருந்து எண்ணுகிறார்கள், ஜனவரி பூச்சியம், நவம்பர் பத்து. போதாததற்கு நம் நள்ளிரவு அவர்களுடைய பொது நேரத்தில் முந்தின நாள் மாலை ஆறரை மணி. கவனிக்காமல் மாற்றினால் ஒருவர் ஒரு நாள் முன்னதாகவே பிறந்துவிடுவார். தேதியையும் கணக்கு எண்ணைப் போலவே மேற்கோளுக்குள் வைத்து, வயதைச் சர்வரிலேயே கணக்குப் போட்டு அனுப்பச் சொல்லியிருக்கிறேன். பையனுக்குப் பரீட்சை முடிந்ததும் உட்காருவதாக ஏற்பாடு.